வார்டுத் தேர்தலும் சைக்கிளும்: புதுக்கோட்டைத் தோழிக்கு ஒரு கடிதம்

விவேக் நகர், பெங்களூரு

அன்புள்ள முத்துலட்சுமி,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. உன் மகளுக்குத் திருச்சியிலேயே வேலை கிடைத்துவிட்ட செய்தியை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டாம் முறையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டு மகிழ்ந்தார்கள். வீட்டில் எல்லாரும் நலம். அவருக்கு வருகிற சித்திரையோடு பணி ஓய்வு. மற்றச் செய்திகளை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொண்டு, நீ கேட்டிருந்த கேள்விக்கு வருகிறேன். பெங்களூரில் மாநகராட்சித் தேர்தல் வரப்போகிறதே, நிற்கப்போகிறவர்கள் சைக்கிளைப் பற்றி ஏதாவது பேசுகிறார்களா என்று கேட்டிருந்தாய். அறிவொளி எழுத்தறிவு இயக்க நாட்களில் ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தவள் நீ என்பதால், இரண்டு வரியில் பதில் எழுதி முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

இங்குள்ள நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் மாநகராட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2015 ஆகஸ்டில். அந்த மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு எல்லாம் அதிகாரிகள் கையில்தான் இருந்துவருகிறது. 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்து, அவற்றுக்கு மேலே முதலமைச்சரைத் தலைவராகக் கொண்ட கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தை அமைத்தார்கள். வார்டுகளையும் புதிதாக வரையறுத்திருக்கிறார்கள். இவ்வளவு நீண்ட காலம், தெருவில் நடைபாதைக் கல் பெயர்ந்து கிடந்தால் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டுவதற்கு எங்களுக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் ஆள் இருக்கவில்லை. அதனால்தான் கட்சிகளில் சீட் கேட்டிருப்பவர்கள் இப்போது வீடு வீடாக வரத் தொடங்கியதும், எங்கள் குடியிருப்போர் சங்கத்தார் அவர்களில் மூன்று பேரைப் பக்கத்துப் பள்ளிக்கூட மண்டபத்துக்கு அழைத்து, சாலைகளைப் பற்றி மட்டும் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். நானும் போயிருந்தேன்.

முதலில் பேசியவர் அரசியலில் பழுத்தவர், மரியாதையாகப் பேசக்கூடியவர். சைக்கிள் உடல்நலத்துக்கு நல்லது, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சாலையை அடைத்துப் பிள்ளைகளை ஓட்டவிடலாம் என்றார். நல்ல காரியம்தான்; 2013-இல் கப்பன் பூங்காவில் தொடங்கிய சைக்கிள் தினம் இந்த ஊரில் பல பேட்டைகளுக்கும் பரவியது, அதில் மகிழ்ந்த பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் அடுத்துச் சொன்னது என்னை வருத்தியது. "இந்தக் காலத்தில் வேலைக்குச் சைக்கிளில் போகிறவர்கள் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். அதிகாலை ஐந்தரை மணிக்கு ஈஜிபுரா முனையில் ஒரு கால் மணி நேரம் நின்று பார்த்தால் அவருக்கே விடை தெரிந்துவிடும். கோரமங்களாவின் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு இரவுக் காவலுக்குப் போனவர்கள் திரும்பி வருகிறார்கள். பால், செய்தித்தாள் போடும் பையன்கள் எதிரே போகிறார்கள். ஏணியைத் தோளில் மாட்டியபடி வண்ணம் பூசும் தொழிலாளிகள் போகிறார்கள். 2023 ஜூனிலிருந்து பெண்களுக்குச் சாதாரண அரசுப் பேருந்தில் கட்டணம் இல்லை என்பதால் வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் பேருந்துக்கு வந்துவிட்டார்கள். ஆனால் பேருந்து ஓடாத நேரத்தில் வேலைக்குப் போகிற ஆண்களுக்கு அந்தப் பழைய சைக்கிள்தான் துணை. பாதுகாப்பான சாலை முதலில் தேவைப்படுவது இவர்களுக்கு. இவர்களைக் கண்ணால் காணாத ஒருவர் வார்டுக்கு உறுப்பினராக வந்தால், ஞாயிற்றுக்கிழமைகளோடு அவருடைய அக்கறை முடிந்துவிடும் என்றே நினைக்கிறேன்.

இரண்டாவதாகப் பேசியவர் இளைஞர், மென்பொருள் வேலையை விட்டுவிட்டு அரசியலுக்கு வந்தவர். விஷயம் தெரிந்தவர் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2020-இல் சில்க் போர்டிலிருந்து கிருஷ்ணராஜபுரம் பக்கம் வரை வெளிவட்டச் சாலையில் ஏறத்தாழ 17 கி.மீ. நீளத்துக்குச் சைக்கிள் தடம் அமைத்ததையும், தடத்தைப் பிரிக்க நட்ட குட்டைத் தூண்கள் ஒவ்வொன்றாக உடைந்து, இருசக்கர வாகனங்கள் உள்ளே புகுந்து, பிறகு மெட்ரோ வேலையில் தடம் அழிந்துபோனதையும் விவரமாகச் சொன்னார். ஹெப்பாளிலிருந்து சில்க் போர்டு வரை அதே 17 கி.மீ. அளவுக்குச் சுரங்கச் சாலை போட 17,000 கோடி ரூபாய்க்கும் மேல் மதிப்பிட்டிருக்கிறார்கள், அதில் மிகச் சிறிய ஒரு பங்கை நகரத்தின் நடைபாதைகளுக்கும் சைக்கிள் தடங்களுக்கும் ஒதுக்கினால் போதும் என்று அவர் சொன்னபோது மண்டபமே கைதட்டியது. நானும் தட்டினேன். ஆனால் எங்கள் தெருவில் அவர் போடுவதாகச் சொல்லும் நீல நிறச் சைக்கிள் தடத்துக்கான இடத்தில் இப்போது வரிசையாக நிற்கும் கார்கள் எங்கே போகும் என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கேட்டதும் அவருடைய பேச்சு தளர்ந்தது. எல்லாரோடும் கலந்து பேசி முடிவெடுப்போம் என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

முத்து, நான் சொல்ல வருவது இந்த இடத்தைப் பற்றித்தான். சைக்கிள் தடம் போடுவேன் என்று சொல்வது எந்த வேட்பாளருக்கும் எளிது. யாருக்கும் அதனால் கோபம் வராது. தடம் போட்ட மறுநாள் அதில் கார் நிற்கும்போது, அந்தக் காருக்கு உரியவரும் தமக்கு ஓட்டுப் போட்டவர்தான் என்று தெரிந்தும், எடுங்கள் என்று சொல்வதற்கு நெஞ்சுரம் வேண்டும். ஜெயநகரில் பத்தாண்டுகளுக்கும் முன்பே தெருவோரங்களில் சைக்கிள் தடம் அமைத்தார்கள். சில காலத்திலேயே அது கார் நிறுத்தும் இடமாகிவிட்டது. டெல்லியில் 2008-இல் அம்பேத்கர் நகருக்கும் மூல்சந்துக்கும் இடையே பேருந்துத் தடத்தோடு தனிச் சைக்கிள் தடமும் போட்டார்கள். கார்க்காரர்களின் எதிர்ப்பு ஓயவே இல்லை; 2016-இல் அந்தத் தடத்தையே பெயர்த்தெடுத்துவிட்டார்கள். இரண்டு இடங்களிலும் பொறியாளர்களுக்குத் தடம் போடத் தெரிந்திருந்தது. போட்டதைக் காப்பதற்கு அரசியலில் ஆள் இல்லாமல் போயிற்று. தென்னமெரிக்காவில் பொகோட்டா நகரத்தின் மேயராக 1998-இல் பொறுப்பேற்ற என்ரிக்கே பெனலோசா, நடைபாதைகளில் ஏறி நின்ற கார்களை அகற்றியதற்காகவே கடும் எதிர்ப்பைச் சந்தித்தார், பதவியே போய்விடும் என்ற அளவுக்கு; ஆனாலும் பின்வாங்கவில்லை. அந்த நகரத்தின் சைக்கிள் தடங்களை இன்று உலகமே போய்ப் பார்க்கிறது.

அதற்காகக் கடைக்காரர்களின் அச்சத்தை நான் தள்ளிவிடவில்லை. எங்கள் முனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி கூட்டத்துக்கு வந்திருந்தார். சரக்கு வண்டி வாசலில் நிற்காவிட்டால் மூட்டையை யார் தூக்கி வருவது என்று அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அவருக்குச் சரியான பதில் சொன்னவர் மூன்றாவதாகப் பேசிய பெண்மணி. காலை எட்டு மணிக்குள் சரக்கை இறக்கிக்கொள்ளலாம், அதற்கென்று தெருமுனையில் ஓர் இடத்தை ஒதுக்கிக் கொடுக்கலாம், பகல் முழுவதும் கடை வாசலில் நிற்பது உங்கள் சரக்கு வண்டி இல்லை, பக்கத்து அலுவலகத்துக்கு வந்தவர்களின் கார்தான் என்று நிதானமாக எடுத்துச் சொன்னார். அண்ணாச்சி யோசித்துவிட்டு, அது உண்மைதான் என்றார்.

அந்தப் பெண்மணியைப் பற்றி உனக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். சுயஉதவிக் குழுவில் பல ஆண்டுகள் வேலை செய்தவர். பெற்றோர் வேலூர்ப் பக்கத்திலிருந்து இங்கே குடிவந்தவர்கள். தமிழும் கன்னடமும் ஒரே வேகத்தில் பேசுகிறார். தடத்தைப் பற்றியோ விதிமுறைகளைப் பற்றியோ அவர் அதிகம் பேசவில்லை. கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். எங்கள் தெரு திரும்பும் இடத்தில் மழைநீர் வடிகால் மேல் போட்டிருக்கும் இரும்புச் சட்டத்தின் படம் அது. அதன் கம்பிகள் சாலை போகும் திசையிலேயே நீளவாக்கில் இருக்கின்றன. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி. காருக்கும் ஸ்கூட்டருக்கும் அது ஒன்றும் செய்யாது. சைக்கிளின் மெல்லிய டயர் நேராக அதற்குள் இறங்கிவிடும். ஓட்டுகிறவர் கைப்பிடிக்கு மேலே தூக்கி எறியப்படுவார். பால் பாக்கெட் போடும் ஒரு பையன் அங்கே விழுந்து தாடையில் தையல் போட வேண்டியிருந்தது என்று சொன்னார். கம்பிகளைச் சாலைக்குக் குறுக்காக வரும்படி சட்டத்தைத் திருப்பிப் போட்டாலோ, மேலே நான்கு பட்டைகளைக் குறுக்கே பற்றவைத்தாலோ ஆபத்து தீர்ந்துவிடும். ஒரு வெல்டிங் பட்டறைக்காரரின் அரை நாள் வேலை. அவ்வழியே அன்றாடம் நடந்துபோகிற எங்களில் ஒருவரும் அந்தக் கம்பிகளைக் குனிந்து பார்த்ததில்லை. வார்டில் இப்படி எத்தனை சட்டங்கள் இருக்கின்றன என்று எண்ணி, பட்டியல் எடுத்து, வார்டு கமிட்டியின் முதல் கூட்டத்திலேயே வைப்பேன் என்றார்.

ஒருவழிப் பாதைகளைப் பற்றியும் அவர் பேசினார். இந்த ஊரில் வாகன நெரிசலுக்காகத் தெருக்களை ஒருவழியாக்கிக்கொண்டே போகிறார்கள். காருக்கு அது இரண்டு நிமிடச் சுற்று. மிதித்துப் போகிறவருக்கு மேடும் பள்ளமுமாக ஒரு கி.மீ. கூடிவிடும். அதனால் எதிர்த்திசையில் ஓரமாக வருகிறார்கள், வசவும் வாங்குகிறார்கள். சின்னத் தெருக்களில் சைக்கிளுக்கு மட்டும் இரு திசையிலும் அனுமதி கொடுத்து, வாகனங்களின் வேகத்தை 30 கி.மீ.க்குள் வைக்க வேண்டும் என்று போக்குவரத்துக் காவல்துறையிடம் எழுதிக் கேட்பேன் என்றார். அது அவருக்குத் தற்செயலாகத் தோன்றிய எண் இல்லை. 2020-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாட்டின் அறிவிப்பும், நடப்பவரும் சைக்கிளில் போகிறவரும் வாகனங்களோடு கலந்து செல்லும் இடங்களில் 30 கி.மீ. வேகத்தைத்தான் உச்ச வரம்பாகச் சொல்கிறது. 30-லிருந்து 50 கி.மீ.க்கு வேகம் கூடினால் மோதலின் ஆற்றல் ஏறத்தாழ மூன்று மடங்காகிவிடும் என்பது நாம் பள்ளியில் படித்த கணக்குத்தான். ஒரு கோடிக்கும் மேற்பட்ட வாகனங்கள் பதிவாகியிருக்கும் ஊரில், தனித் தடம் போட இடமே இல்லாத தெருக்கள்தான் அதிகம். அங்கெல்லாம் வேகத்தைக் குறைப்பது ஒன்றே வழி.

இவரிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. வார்டு உறுப்பினரால் எது முடியும், எது முடியாது என்பதை அவர் பிரித்துச் சொல்லவில்லை. பெரிய சாலைகளும் மேம்பாலங்களும் மாநகராட்சி உறுப்பினரின் கைக்கு எட்டாத இடத்தில் முடிவாகின்றன. 2017-இல் தொடங்கிய ஈஜிபுரா மேம்பாலம் ஆண்டுக்கணக்கில் இழுத்தபோது, அதன் தூண்களுக்கு நடுவே இந்தப் பகுதிச் சைக்கிள்காரர்கள் பட்ட பாட்டுக்கு எந்த வார்டுக் கூட்டத்திலும் தீர்வு கிடைத்திருக்காது. ஆனால் உள் தெருக்கள், நடைபாதை, வடிகால், விளக்கு, தெருவோரத்தில் வண்டி நிறுத்தும் ஒழுங்கு ஆகியவற்றில் ஓர் உறுப்பினர் விடாமல் வற்புறுத்தினால் நடக்கும். மெட்ரோ நிலையத்தில் சைக்கிளைப் பூட்டிவைக்க நிழலுள்ள இடம் வேண்டும் என்று ஐந்து மாநகராட்சிகளின் உறுப்பினர்களும் சேர்ந்து கேட்டாலும் நடக்கும்.

உனக்கு நினைவிருக்கும், 1991-இல் நம் மாவட்டத்தில் அறிவொளி தொடங்கியபோது ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள் சைக்கிளை எழுத்தறிவோடு சேர்த்தே வைத்தார். கல்குவாரிப் பெண்களும் அங்கன்வாடி ஊழியர்களும் கிராமச் செவிலியர்களும் சைக்கிள் ஏறினார்கள். தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு வந்தார்கள், சரக்கு ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். அன்று அந்த நிர்வாகத்துக்கு யாருக்காக இதைச் செய்கிறோம் என்பதில் ஐயம் இருக்கவில்லை. இங்கே பேசிய மூவரில் அந்தத் தெளிவை நான் கண்டது மூன்றாமவரிடம் மட்டும்தான். இளைஞரின் படிப்பும் வேண்டும். அவரே அடுத்த வார்டில் நின்றால் நான் மகிழ்வேன். ஆனால் என் ஓட்டை அந்தப் பெண்மணிக்குப் போடவே எண்ணியிருக்கிறேன், கட்சி அவருக்கு இடம் கொடுத்தால்.

சங்கத்தில் இப்போது ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். வேட்பாளர் பட்டியல் வந்ததும் எல்லாரிடமும் நான்கைந்து கேள்விகளை எழுத்தில் கொடுத்து, பதிலைக் கையெழுத்தோடு வாங்கி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்போகிறோம். தடத்தில் நிற்கும் காரை எடுக்கச் சொல்வீர்களா, சொல்ல மாட்டீர்களா என்பதுதான் அதில் முதல் கேள்வி. காவலாளிகளிடமும் பால் பையன்களிடமும் அவர்கள் அஞ்சும் இடங்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் வேலையை நான் ஏற்றிருக்கிறேன். இதில் எனக்கு உன் உதவி வேண்டும். அன்று நீ கிராமங்களில் எந்தப் பெண் எந்த வழியில் போகிறாள், எந்த இடத்தில் இறங்கித் தள்ளுகிறாள் என்றெல்லாம் கேட்டு எழுதிவைத்திருந்தாயே, அந்தக் கேள்விகள் உன்னிடம் இன்னும் இருந்தால் படியெடுத்து அனுப்பு. இல்லையென்றால் நினைவிலிருந்தாவது எழுது. அடுத்த மாத முதல் சனிக்கிழமைக்குள் கிடைத்தால் கன்னடத்திலும் மாற்றி அச்சிட நேரம் இருக்கும்.

அன்புடன்,
கமலா