கண் சொட்டு மருந்தும் கமிஷன் பேச்சும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நம் தெரு வாட்ஸப் குழுவில் சுற்றும் குரல்பதிவு எங்களுக்கும் வந்தது. மெட்ராஸ் ஐக்குச் சொட்டு மருந்து கேட்டால் டாக்டர் சீட்டு கேட்டு விரட்டுகிறோமாம். பக்கத்துக் கிளினிக்கில் எங்களுக்குக் கமிஷனாம்.

விரட்டுகிறோம் என்றதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கமிஷன் என்றதுதான் உறுத்துகிறது. அரசு ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டுங்கள் என்றுதான் பலரிடம் சொல்கிறோம். அங்கே மருந்தும் இலவசமாகவே கிடைத்துவிட்டால் எங்களுக்கு அந்த வியாபாரமும் போச்சு. கமிஷனுக்கு ஆசைப்படுகிறவன் இப்படியா வழி சொல்வான்? எந்தக் கிளினிக்கிலிருந்தும் ஒரு பைசா வந்ததில்லை.

சரி, ஏன் சீட்டு? மாக்ஸிஃப்ளாக்ஸசின், டோப்ராமைசின் போன்ற ஆன்டிபயாடிக் சொட்டு மருந்துகள் டாக்டர் எழுதித்தான் விற்க வேண்டியவை. மெட்ராஸ் ஐ பெரும்பாலும் அடினோ வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். மஞ்சள் பீளை கட்டி, காலையில் இமை ஒட்டிக்கொண்டால் பாக்டீரியாவாக இருக்கலாம். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று அதை நாங்கள் எப்படி முடிவு செய்வது?

இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. போன வருஷத்துக் காலிக் குப்பியைக் காட்டி "இதே கொடுங்க" என்பார்கள். பெயருக்குப் பின்னால் 'டி' என்று ஓர் எழுத்து ஒட்டியிருக்கும். பல கம்பெனிகளில் அது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. போட்டதும் சிவப்பு குறையும், ஆள் நிம்மதியாகிவிடுவார். நெல் உமியோ வைக்கோலோ பட்டுப் பூஞ்சைப் புண் வந்த கண்ணாக இருந்தால், ஸ்டீராய்டு அந்தப் புண்ணை இன்னும் வளர்த்துவிடும்; பார்வைக்கே ஆபத்து. வலி, மங்கல், வெளிச்சம் பட்டால் கூச்சம் இருந்தால், அல்லது கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் என்றால், எங்களிடம் வர வேண்டாம்; நேராகக் கண் டாக்டரிடம் போங்கள்.

சீட்டோடு வாங்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பல குப்பிகளில் முனை மூடியே இருக்கும். மூடியை இறுக்கித் திருகினால் உள்ளேயிருக்கும் முள்ளே துளை போட்டுவிடும். ஊக்காலும் பிளேடாலும் குத்தாதீர்கள். கையைக் கழுவிவிட்டு, கீழிமையை இழுத்து ஒரு சொட்டு விட்டால் போதும். இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும். முனை இமையில் படக்கூடாது. இன்னொரு மருந்தும் இருந்தால் ஐந்து நிமிஷம் கழித்து விடுங்கள். டாக்டர் சொன்ன நாள்வரை போடுங்கள், வீட்டில் அடுத்தவருக்கு அதே குப்பியைக் கொடுக்காதீர்கள். திறந்த தேதியைப் பேனாவால் எழுதி வையுங்கள். ஒரு மாதம் ஆனால் தூக்கிப் போடுங்கள்.



குழுவில் எங்களுக்காகப் பேசியவர்களுக்கும், அப்பா காலத்திலிருந்து கணக்கு வைத்து வாங்குகிற குடும்பங்களுக்கும் மனமார்ந்த நன்றி. சந்தேகம் இருந்தால் குப்பியோடு கடைக்கு வாருங்கள், எப்படி விடுவது என்று காட்டித் தருகிறோம். அதற்குச் சீட்டு வேண்டாம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்