நமக்குப் பிறகு பூனைக்கு யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பிரபலங்கள் வளர்த்த பூனைகளைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சர்ச்சில், லிங்கன், ஹெமிங்வே என்று படங்களோடு நன்றாக இருந்தது. நியூட்டன் பூனைக்காகக் கதவில் பெரிய ஓட்டையும் குட்டிகளுக்காகச் சின்ன ஓட்டையும் போட்டார் என்ற ஆதாரமில்லாத கதையை மட்டும் விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் மலைக்கே வந்துபோன ஒருவரைக் கட்டுரையில் காணோமே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கிய பிறகு, சொல்ல வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது என்று தோன்றியது.

அவர் எட்வர்ட் லியர். ஆங்கிலத்தில் வேடிக்கைப் பாட்டுகள் எழுதியவர், ஓவியர். வைஸ்ராய் நார்த்புரூக் பிரபுவின் அழைப்பில் 1873 நவம்பரில் பம்பாயில் வந்து இறங்கி, ஒரு வருடத்துக்கு மேல் இந்தியா முழுக்கச் சுற்றினார். 1874இல் நீலகிரிக்கு ஏறி வந்து உதகையையும் குன்னூரையும் பார்த்தார், வரைந்தார். அப்போது அவருக்கு 62 வயது. மலை ரயில் வருவதற்கு வெகுகாலம் முன்பு. கூடவே வந்தவர் ஜியார்ஜியோ என்ற அவருடைய பணியாள்.

லியரின் பூனைக்கு ஃபாஸ் என்று பெயர். வரிப் பூனை, வாலில் பாதி கிடையாது. வாலை நறுக்கிவிட்டால் வீட்டை விட்டு ஓடாது என்று நம்பி அந்தப் பாதியை வெட்டியவர் இந்த ஜியார்ஜியோதான். இத்தாலியில் சான் ரெமோ என்ற கடலோர ஊரில் லியருக்கு வீடு. அதன் முன்னால் பெரிய ஓட்டல் ஒன்று எழும்பிக் கடலை மறைத்துவிட்டது. மனம் நொந்த லியர் அதே ஊரில் வேறு நிலம் வாங்கி, பழைய வீட்டின் அமைப்பிலேயே புது வீட்டைக் கட்டி, 1881இல் குடிபோனார். ஃபாஸ் வழி தெரியாமல் தடுமாறக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிக் கட்டினார் என்று சொல்வார்கள். ஃபாஸ் 1887இல் இறந்தது. தோட்டத்தில் அடக்கம் செய்து கல் வைத்தார் லியர். அடுத்த ஜனவரியில் அவரும் போய்விட்டார்.

இதைப் படித்த நாளிலிருந்து அந்தப் புது வீடு என் மனதை விட்டுப் போகவில்லை. காரணம் இருக்கிறது.

நான் ஒரு தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் 31 வருடம் கணக்கு எழுதியவள். குவார்ட்டர்ஸில் என்னிடம் ஒரு செம்பழுப்புப் பூனை இருந்தது. செவலை என்று கூப்பிடுவேன். நெஞ்சு மட்டும் வெள்ளை. ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். பிக்கப் வண்டியில் சாமான் ஏற்றும்போது அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: “நாய் ஆளை நம்பும், பூனை இடத்தை நம்பும். கூட்டிட்டுப் போனாலும் இருக்காதுக்கா, விட்டுட்டுப் போங்க.” நானும் விட்டுவிட்டு வந்தேன். மனசு கேட்காமல் மூன்று வாரம் கழித்து மூடி போட்ட கூடையோடு போய் நின்றேன். வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் நாய் வளர்த்தார்கள். லைன் வீடுகள் பக்கம், பேக்டரி பக்கம், விறகுக் கொட்டகை என்று சாயங்காலம் வரை கூப்பிட்டுப் பார்த்தேன். செவலை வரவில்லை. சிறுத்தை தூக்கியிருக்கும் என்று ஒருவர் சொன்னார். இருக்கலாம். அந்தக் கூடை இன்னும் என் பரணில் இருக்கிறது.

அதனால் உங்கள் கட்டுரையில் சர்ச்சிலின் ஜாக் படத்தைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் பக்கத்தைத் திருப்ப முடியவில்லை. அதே நிறம், அதே வெள்ளை நெஞ்சு. சர்ச்சிலின் 88ஆவது பிறந்த நாளுக்கு அவருடைய பழைய செயலாளர் கொடுத்த குட்டி அது என்று எழுதியிருந்தீர்கள். அதற்குப் பிறகு நடந்ததை எழுதவில்லை. சர்ச்சிலின் சார்ட்வெல் வீட்டை, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் இங்கிலாந்தின் தேசிய அறக்கட்டளையிடம் கொடுத்தபோது, இந்த வீட்டில் எப்போதும் வெள்ளை நெஞ்சும் நான்கு வெள்ளைப் பாதங்களும் உள்ள ஒரு செம்பழுப்புப் பூனை வசதியாக இருக்க வேண்டும் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டார்கள். அப்படியே நடக்கிறது. ஒன்று போனால் அடுத்தது வரும். எல்லாவற்றுக்கும் ஜாக் என்றே பெயர். பெரிய மனிதர்கள் பூனை வளர்த்தார்கள் என்பதைவிட, தாங்கள் போன பிறகும் பூனைக்கு ஓர் ஏற்பாடு செய்துவிட்டுப் போனார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

லண்டனில் பிரதமர் வீட்டுப் பூனை லாரியையும் பாருங்கள். 2011இல் விலங்குகள் காப்பகத்திலிருந்து வந்தது. கேமரூன் 2016இல் பதவி விலகி வீட்டைக் காலி செய்தபோது பூனை அவரோடு போகவில்லை. அது அந்த வீட்டுப் பூனை, அங்கேயே இருக்கும் என்று முதலிலேயே முடிவாகியிருந்தது. அடுத்தடுத்துப் பிரதமர்கள் வந்தார்கள், போனார்கள். லாரிக்குச் சாப்பாடு நேரத்துக்கு வந்தது. எங்கள் தோட்டத்து பங்களாக்களிலும் துரை மாறுவார், பூனை மாறாது. ஆனால் புதிதாக வருகிறவரிடம் “இப்படி ஒரு பூனை இருக்கிறது, காலையும் சாயங்காலமும் சோறு வைக்க வேண்டும்” என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் எத்தனை பேர்? சாவிக் கொத்தைக் கொடுக்கும்போது அதையும் சேர்த்துச் சொல்ல ஒரு நிமிடம் ஆகாது.

இங்கே அதைச் சொல்லாமல் போவது பூனையைக் கொல்வதற்குச் சமம். சமவெளியில் ஒரு தெருப் பூனை எப்படியோ பிழைத்துக்கொள்ளும். மலையில் டிசம்பர், ஜனவரிக் குளிரில் அடுப்பங்கரையில் படுத்துப் பழகிய பூனை வெளியே எத்தனை ராத்திரி தாங்கும்? சிறுத்தை வீட்டு வாசல் வரை வருகிறது. பசித்த பூனைகள் குருவிகளையும் விடுவதில்லை. நீலகிரிச் சிரிப்பான் போல இந்த மலைப்பகுதியை விட்டால் வேறெங்கும் இல்லாத பறவைகள் நம்மிடம் இருக்கின்றன.

அப்புறம், பூனை இடம் மாறாது என்ற பேச்சு. இதைச் சொல்கிற நாம்தான் பூனை குட்டிகளைக் கவ்விக்கொண்டு ஏழு வீடு மாறும் என்றும் சொல்கிறோம். இரண்டும் எப்படிச் சரியாகும்? செவலையைத் தொலைத்த பிறகு நான் கால்நடை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது இது: புது வீட்டில் முதல் இரண்டு மூன்று வாரம் ஒரே அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட வேண்டும். அது படுத்த பழைய துணியைத் துவைக்காமல் அப்படியே போட வேண்டும். பழைய தட்டிலேயே சோறு. மண் நிரப்பிய ஒரு தட்டு. பிறகு ஒவ்வோர் அறையாகத் திறந்துவிட வேண்டும், வாசல் கடைசியில்தான். பக்கத்திலேயே குடிபோனால் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய வீட்டுக்கு நடந்துவிடும். லியர் மாதிரி வீடு கட்ட வேண்டியதில்லை. பழைய கம்பளி ஒன்று போதும்.

கட்டுரையில் டாக்டர் சாமுவேல் ஜான்சன் பெயர் ஒரு வரியில் வந்து போனது. அகராதி தொகுத்த அந்த மனிதர் ஹாட்ஜ் என்ற பூனைக்குச் சிப்பி வாங்கத் தானே கடைக்குப் போவார். வேலைக்காரரை அனுப்பினால் இந்தப் பூனையால்தானே இந்த அலைச்சல் என்று அவருக்கு அதன் மேல் வெறுப்பு வந்துவிடும் என்பதால். ஒரு வாயில்லாச் சீவன் மேல் யாருக்கும் எரிச்சல் வரக் கூடாது என்று அவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார். குன்னூர் மார்க்கெட்டில் மத்தி வாங்க நிற்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும். ஹாட்ஜுக்கு லண்டனில் அவர் வீட்டெதிரே சிலை இருக்கிறது. பக்கத்தில் சிப்பி ஓடுகளையும் வார்த்திருக்கிறார்கள். அந்த மார்க்கெட்டிலேயே ஒரு பாய் எனக்குச் சொன்னது இது: நபிகளின் தோழர் ஒருவர் பூனைக்குட்டி மேல் வைத்த பிரியத்தால் அபூ ஹுரைரா, பூனைக்குட்டியின் தந்தை, என்றே இன்றுவரை அறியப்படுகிறார். அந்தப் பாயின் கடையில் மீன் தலையும் வாலும் எனக்குக் காசில்லாமல் கிடைக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் ஓர் உதவி கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன்.

1905இல் மார்க் ட்வைன் நியூயார்க்கில் பாம்பினோ என்ற கரும்பூனையைத் தொலைத்துவிட்டுப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். கொண்டு வருகிறவருக்கு 5 டாலர். பூனை கிடைத்துவிட்டது. அதன் பிறகும் ஜனங்கள் கையில் கிடைத்த பூனையை எல்லாம் தூக்கிக்கொண்டு அவர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். அவர் பேருக்காகவும் வந்திருப்பார்கள். ஆனால் ஒரு பத்திரிகையில் நாலு வரி வந்தால் எத்தனை பேர் கண்ணில் படும் என்பதற்கு இதைவிட என்ன சொல்ல?

எங்கள் மாவட்டப் பக்கத்தில் வாரம் ஒரு நாள், கட்டணம் இல்லாமல், நாலைந்து வரி இடம் ஒதுக்குங்கள். பிள்ளைகளோடு பெங்களூருக்கோ கோவைக்கோ போகிற பெரியவர்கள், ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறவர்கள், பூனைக்கு ஒரு வீடு கேட்கலாம். விற்பனை கூடாது, கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் ஆகியிருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டுவிடுங்கள். இந்த ஊரில் தனியாக இருக்கும் எத்தனையோ பேர் ஒரு பூனை வந்தால் வைத்துக்கொள்வார்கள். யாரைக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

முதல் விளம்பரத்தை நானே தருகிறேன். எங்கள் தெருவில் ஒரு பெரியவரை ஜூன் மாதம் மகள் அழைத்துக்கொண்டு போய்விட்டாள். அவர் பூனை தினமும் சாயங்காலம் பூட்டிய வீட்டு ஜன்னல் திட்டில் ஏறி உட்காருகிறது. நான் சோறு வைக்கிறேன். உள்ளே கூப்பிட்டால் என்னுடைய இரண்டும் துரத்துகின்றன. குளிர்காலத்துக்கு முன் அதற்கு ஒரு வீடு வேண்டும்.

“பெண் பூனை. சாம்பலில் கறுப்பு வரி, இடது காது நுனி மடிந்திருக்கும். வயது சுமார் 7. கருத்தடை, தடுப்பூசி ஆகிவிட்டது. தயிர்சாதம் சாப்பிடும், மத்தி என்றால் உயிர். குக்கர் சத்தத்துக்குப் பயப்படும். நாய் இல்லாத வீடு தேவை. கூடையும் பழைய கம்பளியும் சேர்த்துத் தரப்படும்.”

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குன்னூர்.