சனிக்கிழமை ரயில் வேலை: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். சனிக்கிழமை மத்தியானம் பள்ளியில் ரயில் செய்கிறோம் என்று எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் சொல்லியிருப்பார்கள். என்ன ரயில், எதற்கு, படிப்பு கெடாதா என்று சிலர் என்னிடம் நேரிலேயே கேட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

நம் அகஸ்தியம்பள்ளி ஸ்டேஷனில் மீட்டர் கேஜ் (தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்) காலத்தில் உப்பு ஏற்றிய காட்சியை, ஓடும் இன்ஜினோடு சின்னதாகச் செய்கிறோம். திருத்துறைப்பூண்டியிலிருந்து வரும் அந்த 37 கி.மீ. பாதை 2023 ஏப்ரலில் அகலப் பாதையாகத் திரும்பி வந்துவிட்டது. மீட்டர் கேஜ் வண்டி இங்கே ஓடியது இந்தப் பிள்ளைகளுக்கு நினைவில்லை. உங்களுக்கு இருக்கும். உங்கள் அப்பா, அம்மாவுக்கு இன்னும் நன்றாகவே இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு எட்டடிக்கு நான்கடி பிளைவுட்டில் ஒரு ரயில் மாதிரி செய்தோம். பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் வகுப்பறைக் கதவு வழியாக வெளியே வரவில்லை. சாய்த்துத் தூக்கியதில் தெர்மோகோல் மலை உடைந்தது, ஒரு பக்கத் தண்டவாளம் பெயர்ந்தது. கண்காட்சிக்குப் போகாமலே அது முடிந்துபோனது. அதைச் செய்த பிள்ளைகளின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஆகவே இந்த முறை முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன்: ஒரு பலகையை ஒரு பிள்ளை தூக்க வேண்டும், இரண்டு பலகையும் ஒரே ஆட்டோவில் போக வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பலகை ஒவ்வொன்றும் 90 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம். இரண்டையும் போல்ட் போட்டுச் சேர்த்தால் ஆறடிக்குச் சற்றுக் குறைவு. வேலை முடிந்ததும் நோட்டை மூடுவது போல முகத்தோடு முகம் வைத்து மூடினால் மரம், கொட்டகை எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கும்.

சிரமமான இடம் இரண்டு பலகைகளும் சேரும் கோடுதான். அங்கே தண்டவாளம் அரை மில்லிமீட்டர் விலகினாலும் சக்கரம் இறங்கிவிடும். அதற்குப் பிள்ளைகள் செய்ததை வந்து பாருங்கள். பலகைகளின் ஓரத்தில் பித்தளை ஸ்க்ரூ முடுக்கி, தண்டவாளத்தை நேராக அந்த ஸ்க்ரூத் தலைகளில் ஈயம் வைத்துப் பற்றவைத்தார்கள். பலகைகளை போல்ட்டால் இறுக்கிய பிறகுதான், நடுவில் மெல்லிய ரம்பத்தால் தண்டவாளத்தை அறுத்தார்கள். முதலில் அறுத்துவிட்டுப் பிறகு பொருத்தியிருந்தால் சேர்ந்திருக்காது. அறுத்து முடித்ததும் ஒரு வேகனைக் கையால் மெதுவாகத் தள்ளினார்கள். சத்தமே இல்லாமல் தாண்டிப் போனது. அந்த நேரம் அறையில் யாரும் பேசவில்லை.

கணக்கு இதில் எங்கே வருகிறது என்று கேட்பவர்களுக்கு: கடையில் கிடைக்கும் தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ. வழக்கமாக அதை 87-இல் ஒரு பங்கு அளவுக்குப் பயன்படுத்துவார்கள். 16.5-ஐ 87-ஆல் பெருக்கினால் 1435 மி.மீ. சொச்சம் வரும். அது சென்னை மெட்ரோவின் அளவு, நம் அகலப் பாதையின் 1676 மி.மீ. அல்ல. அப்படியானால் மீட்டர் கேஜுக்கு எந்த அளவு சரிவரும் என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி திருப்பிப் போட்டாள். 1000-ஐ 60-ஆல் வகுத்தால் 16.67. கிட்டத்தட்ட அதே தண்டவாளம்! அன்றிலிருந்து எல்லாமே 60-இல் ஒரு பங்கு. ஐந்தரை அடி ஆள் 2.8 செ.மீ. ஆகிவிடுவார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளே கண்டுபிடித்தாள்.

லைன் அமைப்பு இங்கிலாந்தின் ஆலன் ரைட் என்பவர் வகுத்த 'இங்கில்நுக்' முறை, வேகன்களை வரிசைப்படுத்தும் ஒரு புதிர் விளையாட்டு. மூன்று லைன், இரண்டு பாயிண்ட் (ஒரு லைனிலிருந்து இன்னொன்றுக்குப் பிரியும் இடம்). ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. முன்பக்கம் இன்ஜினோடு மூன்று வேகனுக்குத்தான் இடம். மொத்தம் எட்டு வேகன். சீட்டுக் குலுக்கி ஐந்தை எடுத்து, வந்த வரிசையிலேயே அவற்றைக் கோக்க வேண்டும். இன்ஜினால் வேகன்களை முன்னும் பின்னும் நகர்த்தி, அதாவது ஷண்டிங் செய்து, யோசித்தால்தான் முடியும். 8×7×6×5×4 என்று பெருக்கிப் பாருங்கள், 6720 வரிசைகள். நாளுக்கு ஒன்று ஆடினாலும் 18 வருடம் போதாது.

உப்பு அம்பாரத்துக்கு ஒரு பிள்ளை வீட்டிலிருந்து நிஜ உப்பே கொண்டுவந்தாள். ஒரு வாரத்தில் ஈரம் இழுத்து, பித்தளை ஸ்க்ரூவெல்லாம் பச்சை பூத்துவிட்டது. அத்தனையையும் துடைத்தெடுத்துவிட்டு இப்போது கோலமாவைப் பசையில் குழைத்து ஒட்டியிருக்கிறோம். கிட்டத்தில் பார்த்தாலும் உப்பு என்றே சொல்வீர்கள்.

பாதுகாப்பு பற்றி: தண்டவாளத்தில் ஓடுவது 12 வோல்ட்தான், தொட்டாலும் ஒன்றும் செய்யாது. பிளக் பாயிண்டில் அடாப்டரைச் செருகுவதும், பற்றவைக்கும்போது பக்கத்தில் நிற்பதும் ஆசிரியர் பொறுப்பு. பெண் பிள்ளைக்கு ஒயரிங் வேலை எதற்கு என்று ஓர் அம்மா கேட்டார்கள். அம்மா, பலகைக்கு அடியில் இருக்கும் ஒயரிங் முழுவதும் உங்கள் மகளும் அவள் தோழிகளும் செய்ததுதான். ஒரு இணைப்புகூட இதுவரை விட்டுப்போகவில்லை. அவளை நிறுத்திவிடாதீர்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

பணம் எதுவும் வேண்டாம். தண்டவாளம், இன்ஜின், கன்ட்ரோலர் எல்லாம் பழைய மாணவர் ஒருவர் வாங்கிக் கொடுத்துவிட்டார். முற்றிக் காய்ந்த பீர்க்கங்காய்க் கூடு (பச்சைச் சாயம் போட்டால் அருமையான மரம்), காயவைத்த டீத்தூள் சக்கை, செருப்பு அட்டைப்பெட்டி, இவை வீட்டில் இருந்தால் கொடுத்தனுப்புங்கள். அப்புறம், பழைய ஸ்டேஷன் தெரியும் போட்டோ யாரிடமாவது இருந்தால் ஒரு நாள் இரவல் கொடுங்கள், பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.

வேலை நேரம் சனிக்கிழமை 2 முதல் 5 மணி வரை. தேர்வு வாரங்களில் கிடையாது. மாதிரி முடிந்ததும் சுற்றியுள்ள தொடக்கப் பள்ளிகளுக்கு எடுத்துச் சென்று சின்னப் பிள்ளைகளை ஓட்டவிடப் போகிறோம். ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள்.

இன்னும் ஒன்று. வேகனில் உப்பு மூட்டை ஏற்றிய பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் வரும் சனிக்கிழமை அழைத்து வாருங்கள். மூட்டையை எப்படி அடுக்கினார்கள், கொட்டகைக் கதவு எந்தப் பக்கம் திறந்தது என்று பிள்ளைகள் கேள்விகளை எழுதி வைத்திருக்கிறார்கள். நாற்காலி போட்டு வைக்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்