வெள்ளரி விதை பாக்கெட்டில் தேதி மேல் ஒட்டிய தேதி: புகார்

வணக்கம்.

பொங்கல் முடிந்த கையோடு உங்களிடம் நாட்டு வெள்ளரி விதை 2 பாக்கெட் வாங்கினேன். பாக்கெட்டுக்கு 10 விதை, விலை 60 ரூபாய், கூரியர் தனியாக 70. முதல் பாக்கெட்டை தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டைமாடியில், நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த பைகளில் அரை அங்குல ஆழத்தில் ஊன்றினேன். நம்ம ஊர் சூட்டுக்கு வெள்ளரி ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும், உங்களுக்குத் தெரியாததா? பத்து நாள் ஆகியும் இரண்டே இரண்டுதான் தலை தூக்கின.

கஸ்டமர் கேரில் கேட்டால், "வடசென்னை போர் தண்ணீர் உப்பு, அதனால்தான்" என்று பதில். உப்புதான், சோப்பு கூட நுரைக்காது. அதனால்தான் செடிக்கு எப்போதும் மெட்ரோ வாட்டர். லாரி வராத நாளில் நாங்கள் குளிக்கிறோமோ இல்லையோ, செடி குடித்துவிடும்.

சரி, தப்பு என் மேலேயே இருக்கட்டும் என்று இரண்டாவது பாக்கெட்டை ஈரத்துணியில் சுருட்டி டிபன் டப்பாவில் வைத்தேன். பக்கத்திலேயே இன்னொரு துணியில், பொன்னேரியில் என் மாமியார் சாம்பலில் புரட்டிக் காயவைத்து எடுத்து வைத்திருந்த விதை 10. அதே தண்ணீர், அதே டப்பா. நாலாம் நாள் திறந்தால் மாமியார் விதையில் எட்டு வெள்ளை வேர் விட்டிருந்தது, உங்களுடையதில் ஒன்று. மீதியை நசுக்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் சப்பை, உள்ளே பருப்பே இல்லை. இரண்டு கொழகொழவென்று அழுகி நாறியது. "காசு குடுத்து வாங்குனதாச்சேம்மா" என்று மாமியாருக்கு ஒரே சிரிப்பு.

அப்புறம்தான் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். காலாவதி தேதி இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை ஸ்டிக்கர், இந்த வருஷம் டிசம்பர் என்று. நகத்தால் சுரண்டினால் அடியில் போன வருஷம் ஜூன்! இரண்டு பாக்கெட்டிலும் இதே கதை. இதற்கு எந்த ஊர் தண்ணீர் காரணம்?

முளைப்புத்திறன் குறைந்தது 60 சதவீதம் என்று அச்சடித்தது நீங்கள். எனக்குக் கிடைத்தது 20க்கு 3. அதிலும் மாடியில் பிழைத்த ஒன்று போன வாரம் சாயங்காலத்தில் வெள்ளையாகப் பூத்தது. வெள்ளரி மஞ்சளாகத்தான் பூக்கும், இது சுரை. ஊன்றும்போதே ஒரு விதை மட்டும் தடிப்பாக இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. போகட்டும், கூட்டு வைத்துக்கொள்கிறேன், அதற்குப் புகார் இல்லை.

மறுபடி பரிசோதித்துத்தான் தேதியை நீட்டினீர்கள் என்றால் அந்த அறிக்கையை அனுப்புங்கள். இல்லையென்றால் கூரியரோடு சேர்த்து என் 190 ரூபாயைத் திருப்பித் தாருங்கள், ஸ்டிக்கர் ஒட்டிய மற்ற பாக்கெட்டுகளையும் விற்பனையிலிருந்து எடுங்கள். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடுவேன், 1966 விதைச் சட்டப்படி இதையெல்லாம் பார்க்கிற விதை ஆய்வாளருக்கும் ஒரு நகல் போகும். ஸ்டிக்கரைச் சுரண்டுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன். பாக்கெட் இரண்டும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாடிக்கையாளர்