அறுபத்தொன்றால் பெருக்காதே

உறையூர்,
ஏப்ரல் 6, 2025

அன்புள்ள தம்பிக்கு,

போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இவ்வளவு நீளம் யார் படிப்பார்கள் என்று அக்கா கேட்கிறாள். பஸ்ஸில் போக வர இரண்டு மணி நேரம் ஆகிறது என்று நீதானே சொன்னாய், அப்போது படி.

போன வாரம் கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்டைப் படம் பிடித்து அனுப்பி, "வாங்கின சாமானுக்கெல்லாம் கெடு தேதிக்கு முன்னாலேயே கட்டிட்டேன், அப்புறம் ஏம்மா வட்டி போட்டிருக்கான்?" என்று கேட்டிருந்தாய். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். வட்டியைத் தேடிப் போன கண் அதற்கு இரண்டு வரி மேலே நின்றுவிட்டது. கேஷ் அட்வான்ஸ், 2,000 டாலர், பிப்ரவரி 26. அக்கா பாப்பாவுக்குக் காதுகுத்து மார்ச் 2.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. "என் பிள்ளை தாய்மாமன் சீர் எப்படிச் செய்தான் பார்த்தீர்களா" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தச் சந்தோஷம் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்.

உன் கேள்விக்குப் பதில் இதுதான். கார்டில் சாமான் வாங்கினால், பில் தொகையை முழுதாகக் கட்டுகிறவனுக்குக் குறைந்தது 21 நாளாவது வட்டியில்லாத அவகாசம் தர வேண்டும் என்பது நீ இருக்கிற கனடாவின் சட்டம். அதே கார்டை மெஷினில் சொருகிப் பணமாக எடுத்தால் அந்த அவகாசம் கிடையாது. எடுத்த அன்றே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். உன் ஸ்டேட்மென்ட்டில் 22.99 சதவீதம் என்று போட்டிருக்கிறது. நம்மூர்க் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய இரண்டு வட்டி. இரண்டாயிரத்துக்கு மாதம் 38 டாலர். இங்கே என் சங்கிலியை பேங்கில் வைத்திருந்தால் ஒன்பது சதவீதம், அதாவது எழுபத்தைந்து பைசா வட்டிக்குக் கிடைத்திருக்கும். நீ அங்கே இரண்டு வட்டிக்கு வாங்கி, எழுபத்தைந்து பைசா வட்டிக்குப் பணம் கிடைக்கிற ஊருக்கு அனுப்பியிருக்கிறாய். முப்பத்தொரு வருஷம் பேங்கில் குப்பை கொட்டினவள் பெற்ற பிள்ளை!

கோபமாகத்தான் எழுதுகிறேன், ஆனால் கோபம் உன் மேல் மட்டும் இல்லை. பத்திரிகையில் உன் பெயரைத் தாய்மாமன் என்று கொட்டை எழுத்தில் போட்டது நாங்கள்தானே. ஒரு டாலருக்கு 61 ரூபாய் என்று இரண்டாயிரத்தை 61-ஆல் பெருக்கி, ஒரு லட்சத்து இருபதாயிரத்துச் சொச்சம் என்று வந்ததும், "அவன் சம்பளத்துக்கு இது என்ன பெரிய விஷயம்" என்று நாங்களும்தான் நினைத்தோம்.

இந்தப் பெருக்கல்தான் எனக்குப் பிடிக்கவில்லை, தம்பி. உன் கைக்கு மாதம் 3,100 டாலர் வருகிறது. பெருக்கினால் ஒரு லட்சத்து எண்பத்தொன்பதாயிரம். கேட்கிற உறவுக்காரர்கள் வாயைப் பிளக்கிறார்கள். அதே 61-ஐ வைத்துக்கொண்டு நீ கடைக்குப் போனால், ஒரு காலிஃப்ளவரை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறாய். சம்பளத்தைப் பெருக்கும்போது ராஜா, சாமானைப் பெருக்கும்போது பரதேசி. பிப்ரவரியில் அவ்வளவு பனி கொட்டினபோது, பூட்ஸ் 140 டாலர், எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாயா என்று விட்டுவிட்டு, சென்னையில் வாங்கின ஷூவோடு போய் பஸ் ஸ்டாப்பில் விழுந்தாயே, அது எந்தக் கணக்கு? மணிக்கட்டு வீங்கி நாலு நாள் சம்பளம் போனது. அங்கே உன் ஒரு மணி நேரத்துக்கு, பிடித்தம் போகக் கையில் நிற்பது ஏறக்குறைய 18 டாலர். 140-ஐ அதனால் வகுத்தால் எட்டு மணி நேரம். ஒரு நாள் வேலையை மிச்சம் பிடிக்க நாலு நாள் வேலையைக் கொடுத்திருக்கிறாய். இனிமேல் கடையில் நின்று பெருக்காதே, வகுத்துப் பார்.

வகுக்கும்போது வரியையும் சேர்த்துக்கொள். எம்.ஆர்.பி. என்று எல்லாம் சேர்த்து அச்சடிக்கிற ஊரில் வளர்ந்தவன் நீ. அங்கே விலைச்சீட்டில் 100 என்றிருந்தால் கல்லாவில் 113, உன் ஒன்டாரியோ மாகாணத்தில் 13 சதவீத வரி தனி. அரிசி, பால், காய்கறிக்கு அந்த வரி இல்லை. சுடச்சுட வாங்கிச் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு உண்டு. சமைத்துச் சாப்பிடு என்று நான் சொன்னால் பழைய பாட்டு என்பாய். இப்போது அரசாங்கமும் அதையேதான் சொல்கிறது, போ.

ஒன்று சொல்கிறேன், இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. நான் பெரம்பலூர்ப் பக்கம் கிளையில் இருந்த ஆறு வருஷமும் என் கவுண்டருக்கு வந்ததில் பாதி வளைகுடாப் பணம். மாசப் பிறப்பில் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். ஒரு நாள் ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, புது வாட்ச், சென்ட் வாசனை. சவுதியில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு மொத்தமாகத் திரும்பிவிட்டாராம். பாஸ்புக்கை நீட்டி, பதிந்து கொடுங்கள் என்றார். மெஷின் கரகரவென்று ஓடியது, பக்கம் மாற்றினேன், மறுபடி ஓடியது. வரவு, அடுத்த நாளே எடுப்பு. வரவு, எடுப்பு. ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவருடைய கல்யாணம், வளைகாப்பு, மாடிக்கட்டு. கடைசி வரியில் பதினோராயிரத்துச் சில்லறை. அவர் பக்கத்தைத் திருப்பி அடுத்ததைப் பார்த்தார், வெற்றுத்தாள். "அவ்வளவுதானாம்மா?" என்று கேட்டார். எனக்குப் பின்னால் இருந்த மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நல்ல மனிதர். யாருக்கும் இல்லை என்று சொல்லாதவர்.

எங்களுக்குப் பென்ஷன் வருகிறது. மாதாமாதம் நீ அனுப்புகிற இருபதாயிரத்தை நாங்கள் தொடுவதே இல்லை, அப்பா பேரில் டெபாசிட் போட்டு வைத்திருக்கிறேன். அதை நிறுத்து. எங்களுக்கு வேண்டும் என்றால் கேட்கிறேன், கேட்க வெட்கப்படுகிற ஆள் நான் இல்லை. அக்கா வீட்டு விசேஷம் என்றால் முதலில் எனக்கு போன் போடு. என்ன செய்வது, எவ்வளவு செய்வது என்பதை நான் சம்பந்தி வீட்டில் பேசிக்கொள்கிறேன்.

சரி, இனி மற்ற விஷயங்கள். அந்தப் பேஸ்மென்ட் வீட்டுக்காரர் நாலு மாத வாடகையை முன்பணமாக வாங்கினார் என்றாயே, அப்போதே எனக்கு உறுத்தியது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகினவர்களுக்கு நாலு மாதம் மலிவாகத்தான் தெரியும். ஆனால் ஒன்டாரியோவில் கடைசி மாத வாடகைக்கு மேல் டெபாசிட் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. சேதாரத்துக்கு என்று தனியாக வாங்குவதும் கூடாது. அந்தக் கடைசி மாதப் பணத்துக்கு வருஷா வருஷம் வட்டியும் தர வேண்டும். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்: சமையலறையோ குளியலறையோ வீட்டுக்காரரோடு பொது என்றால் இந்தச் சட்டம் பொருந்தாது. உனக்கு இரண்டும் தனி என்றுதான் சொன்னாய். சண்டை வேண்டாம், வாடகை கட்டுகிற ஒவ்வொரு மாதமும் ரசீது கேள். கேட்டால் கொடுத்தாக வேண்டும், அதற்குக் காசு வாங்கக் கூடாது.

கிரெடிட் ஸ்கோர் 640 ஆகிவிட்டது என்று வருத்தப்பட்டாய். இங்கே சிபிலில் 800 வைத்திருந்தவன்தான் நீ. அங்கேயும் 300-இல் இருந்து 900 வரைதான் அளவு, ஆனால் இங்கே இருந்த பெயர் விமானத்தில் கூட ஏறாது. கார்டின் வரம்பு 2,500, அதில் 2,000 எடுத்து வைத்திருந்தால் எந்தக் கணக்கில் ஸ்கோர் ஏறும்? வரம்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள். கோபத்தில் அந்தக் கார்டை மூடிவிடாதே. முதல் கார்டுக்கு வயது ஆக ஆகத்தான் மதிப்பு. குறைந்தபட்சத் தொகை என்று ஒன்று போட்டிருப்பானே, அந்தக் கட்டத்தைப் பார்க்கவே பார்க்காதே. அது அவனுக்காகப் போட்டது, உனக்காக இல்லை.

அறையில் இருக்கிற பையன்கள் சீட்டு போடுகிறார்கள், சேரலாமா என்று கேட்டாய். இங்கே என்றால் 1982-ஆம் வருஷச் சட்டம், பதிவு, ஏலம் என்று ஒரு பிடி இருக்கிறது. அங்கே ஒருவன் வேறு ஊருக்கு வேலை மாறிப் போய்விட்டால் யாரைப் போய்க் கேட்பாய்? வேண்டாம். நல்ல பையன்கள்தான், அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

அதற்குப் பதில் அந்த டி.எஃப்.எஸ்.ஏ. என்கிற வரியில்லாச் சேமிப்புக் கணக்கை ஆரம்பி. நீ 2023 டிசம்பர் மூன்றாம் வாரம் போய் இறங்கினாய். அந்தப் பத்து நாளுக்கே அந்த வருஷத்தின் முழு 6,500 டாலர் வரம்பும் உனக்கு உண்டு. அப்புறம் 2024-க்கு 7,000, இந்த வருஷம் 7,000. ஆக 20,500 டாலர் வரை போடலாம், அதில் வருகிற வட்டிக்கு அங்கே வரி இல்லை. அவசரத்துக்கு எடுத்தால், எடுத்த அளவுக்கு இடம் அடுத்த ஜனவரியில் திரும்பக் கிடைக்கும். அதே வருஷம் மறுபடி போட்டு மாட்டிக்கொள்ளாதே. முதலில் மூன்று மாதச் செலவு அதில் சேரட்டும். பங்கு, கிங்கு எல்லாம் அதற்கு அப்புறம். உன் கம்பெனியில் ஓய்வூதியக் கணக்குக்கு நீ போடுகிற அளவு அவர்களும் போடுவார்கள் என்று சொன்னாயே, அந்தப் படிவத்தை இன்னும் கையெழுத்துப் போடாமல் மேசையில் வைத்திருக்கிறாயா? வைத்திருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

அங்கே வரிக் கணக்கு ஏப்ரல் 30-க்குள் கொடுக்க வேண்டும். இங்கே உன் பழைய சேமிப்புக் கணக்கும் அந்த மூன்று லட்ச டெபாசிட்டும் இன்னும் உள்ளூர்க்காரன் கணக்காகவே கிடக்கின்றன. குடிபெயர்ந்ததும் என்.ஆர்.ஓ., அதாவது வெளிநாட்டில் இருக்கிறவன் கணக்கு ஆக்கியிருக்க வேண்டும். நான் தினமும் மற்றவர்களிடம் கேட்ட கேள்வி, என் வீட்டில் கேட்க மறந்துவிட்டேன், இது என் தப்பு. மாற்றினதும் வட்டியில் 30 சதவீத வரியும் அதன் மேல் செஸ்ஸும் பிடிப்பார்கள். இரண்டு நாட்டு உடன்படிக்கைப்படி 15 தான். அதற்கு அங்கிருந்து வசிப்பிடச் சான்றிதழ் வாங்கி அனுப்ப வேண்டும். இந்த வட்டியை அங்கே கணக்கில் காட்டியாக வேண்டும், எங்கே வந்த வருமானமானாலும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். நாளைக்கு அங்கே சம்பாதித்ததை இங்கே என்.ஆர்.இ. டெபாசிட்டாகப் போட்டாலும் இதே கதைதான். இங்கே வரி இல்லை என்பதால் அங்கேயும் இல்லை என்று உன் சிநேகிதன் சொன்னது தப்பு.

கடைசியாக ஒன்று. வெள்ளிக்கிழமை நம் கிளைக்குப் போனேன். ஆறரை சதவீதத்தில் கிடந்த என் டெபாசிட் ஒன்றை உடைத்து, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புகிற ஏ2 படிவம் எழுதி, உனக்கு 2,100 டாலர் அனுப்பியிருக்கிறேன். நீ போகும்போது கொடுத்துவிட்டுப் போன கணக்கு எண்தான். கவுண்டரில் இருந்த பெண் என்னிடம் வேலை பழகினவள். "மேடம், அங்கேயிருந்து இங்கே வர்றதுதானே வழக்கம்" என்று சிரித்தாள். கூகுளில் 60 என்று காட்டுகிறது, நம் பேங்க் 61.80 போட்டது. முப்பத்தொரு வருஷம் இதே வித்தியாசத்தை வாடிக்கையாளர்களிடம் நியாயப்படுத்திப் பேசியவள், அன்றைக்கு நானே முணுமுணுத்தேன்.

வேண்டாம் என்று போன் செய்யாதே, போனது போய்விட்டது. வந்த அன்றே முழுதையும் கார்டுக்குக் கட்டு. எனக்கு மாதம் 150 டாலர் திருப்பிக் கொடுத்தால் போதும், வட்டி வேண்டாம். கட்டினதும் ஸ்டேட்மென்ட்டைப் படம் பிடித்து அனுப்பு.

என்னோடு வேலை பார்த்தவளின் பெண் மிசிசாகாவில் இருக்கிறாள். ஏப்ரலில் பூட்ஸ் எல்லாம் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்களாம். இந்தச் சனிக்கிழமை போய் வாங்கு. அதையும் படம் பிடித்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா