பேண்டு வாசிப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாகத் தந்திருக்கிறார். நான் இந்த ஆண்டு மாதக் கூட்டங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

18ஆம் நூற்றாண்டுப் படைகளில் வாத்தியக்காரர்களுக்கு என்ன வேலை என்பதைத்தான் ஆண்டு முழுக்கப் பேசினோம். கல்யாண ஊர்வலத்தில் நாம் வாசிப்பது சந்தோஷத்துக்கு, அங்கே டிரம் என்றால் உத்தரவு. துப்பாக்கிப் புகையில் அடுத்த வரிசை தெரியாது, அதிகாரி தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது, அதனால் எழுந்திரு, கூடாரத்தைப் பிரி, ஆயுதத்தை எடு, பேச்சுக்கு வா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடி வைத்திருந்தார்கள். அமெரிக்கப் படைக்குப் பயிற்சி தந்த பிரஷ்ய அதிகாரி ஸ்டூபன் அந்தப் படைக்காக 1779இல் எழுதிய விதிநூலில் இந்த அடிகளுக்கென்றே ஒரு அத்தியாயம் இருக்கிறது. நடைக்கும் அதில் கணக்கு உண்டு: சாதாரண நடை நிமிடத்துக்கு 75 காலடி, வேக நடை 120. நம் பையன்கள் பாதி ஊர்வலத்திலேயே தாளத்தை வேகமாக்கிவிடுகிறார்கள், இந்த இரண்டு எண்ணையும் கடிகாரம் வைத்துப் பழகச் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு மறக்கவே முடியாதது யார்க்டவுன், அமெரிக்க விடுதலைப் போரில் அமெரிக்கரும் பிரெஞ்சுக்காரரும் பிரிட்டிஷ் படையை முற்றுகையிட்ட ஊர். 1781 அக்டோபர் 17, முற்றுகையில் சிக்கிய பிரிட்டிஷ் படையிலிருந்து ஒரு டிரம்மர் அரண் மேல் ஏறி நின்று பேச்சுவார்த்தைக்கான அடியை அடிக்கிறார். பீரங்கிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய சிவப்புச் சட்டையைப் பார்த்த பிறகுதான் எதிரே சுடுவதை நிறுத்தினார்கள், அப்புறம்தான் டிரம் கேட்டது. அதைவிட இனிமையான இசையைக் கேட்டதே இல்லை என்று எதிர்ப்பக்கத்தில் நின்ற ஒரு அமெரிக்க அதிகாரி எழுதி வைத்திருக்கிறார். இரண்டு நாளில் அந்தப் படை சரணடைந்தது.

கசப்பான பக்கமும் உண்டு. பிரிட்டிஷ் படையில் தண்டனை பெற்ற சிப்பாய்க்குச் சவுக்கடி கொடுப்பதும் டிரம்மர்களின் வேலைதான். இதைச் சொன்ன அன்று கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாருமே பேசவில்லை.

நாம் தோளில் மாட்டும் பெரிய டிரம்மும் கையில் தட்டும் சிம்பலும் துருக்கியரின் ஜானிசரிப் படை வாத்தியங்களிலிருந்து ஐரோப்பியப் படைகளுக்குப் போனவை. அந்த நூற்றாண்டில் அரசர்கள் போட்டி போட்டுக்கொண்டு அவற்றைச் சேர்த்தார்கள். இதைப் பேச ஒரு மாலை போதவில்லை, அடுத்த ஆண்டின் முதல் கூட்டம் இதற்குத்தான்.

சரி, சங்கத்து சைடு டிரம் இரண்டுக்குத் தோல் மாற்ற வேண்டும். சந்தா பாக்கி உள்ளவர்கள் இந்த மாதத்துக்குள் பொருளாளரிடம் கட்டிவிடுங்கள்.