அயர்லாந்து கட்டுரையில் விடுபட்ட கல்வி அமைச்சர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அயர்லாந்தின் வளர்ச்சி பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கம்பெனி வரியைக் குறைத்தார்கள், அமெரிக்க நிறுவனங்கள் வந்து குவிந்தன, நாடு செழித்தது என்று முடித்துவிட்டீர்கள். சரி, வரிச்சலுகையும் ஒரு காரணம்தான். ஆனால் அந்தக் கம்பெனிகளில் வேலை பார்க்கப் படித்த பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள்? 1960-களில் அங்கே கல்வி அமைச்சராக இருந்த டொனா ஓமாலியின் பெயரைச் சொல்லாமல் இதற்குப் பதில் எழுதவே முடியாது.

லிமெரிக் ஊர்க்காரர், இன்ஜினியர். 1954-இல் எம்.பி., 1965-இல் சுகாதார அமைச்சர், அடுத்த வருடமே கல்வி அமைச்சர். அன்றைக்கு அங்கே உயர்நிலைப் பள்ளிகளில் பெரும்பாலானவை சர்ச் நடத்திய கட்டணப் பள்ளிகள்; வருடத்துக்குச் சுமார் 17,000 பிள்ளைகள், கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர், ஆரம்பப் பள்ளியோடு படிப்பை விட்டுவிட்டார்கள். 1966 செப்டம்பர் 10 அன்று டப்ளினுக்கு அருகில் உள்ள டன் லீரியில் பத்திரிகையாளர் சங்க விருந்தில் பேசிய ஓமாலி, அடுத்த ஆண்டு முதல் உயர்நிலைக் கல்வி இலவசம் என்று அறிவித்தே விட்டார். மந்திரிசபை ஒப்புதல் கிடையாது, நிதித்துறையைக் கேட்கவும் இல்லை. நிதித்துறைச் செயலர் விட்டேகர் பிரதமர் லெமாஸிடம் கடுமையாக ஆட்சேபித்தார். முறைப்படி பார்த்தால் அவர் சொன்னது நியாயம்தான், ஆனால் கோப்பாகப் போயிருந்தால் அந்தத் திட்டம் வருடக்கணக்கில் மேசை மேசையாக அலைந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். ஊருக்கே சொல்லியாகிவிட்டது, அப்புறம் அரசு எப்படிப் பின்வாங்கும்?

கட்டணத்தைக் கைவிட்ட பள்ளிகளுக்கு மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 25 பவுண்ட் வரை மானியம் என்று ஏற்பாடாகி, 1967-இல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது பஸ். பள்ளியிலிருந்து 3 மைலுக்கு அப்பால் இருக்கும் பிள்ளைகளுக்கு இலவசப் பேருந்து விட்டார்கள். அது இல்லாமல் கட்டணத்தை மட்டும் ரத்து செய்திருந்தால் நகரத்துப் பிள்ளைகள்தான் பயன் அடைந்திருப்பார்கள், பண்ணை வீட்டுப் பிள்ளை எப்படிப் போய்ச் சேரும்?

அவர் தொட்டதெல்லாம் நடந்துவிடவில்லை. டப்ளினின் இரண்டு பல்கலைக்கழகங்களை ஒன்றாக்கப் பார்த்தார், முடியவில்லை. 1968 மார்ச் 10 அன்று இடைத்தேர்தல் பிரச்சாரத்துக்குப் போன இடத்தில் 47 வயதிலேயே இறந்துபோனார். கல்வி அமைச்சராக இரண்டு வருடம்கூட முழுதாக இல்லை.

அடுத்த முறை அயர்லாந்தைப் பற்றி எழுதும்போது வரி விகிதத்தோடு 1966, 1967 ஆகிய இரண்டு வருடங்களையும் சேர்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
தஞ்சாவூர்